எளிமையில் இன்பம் கண்டவர்

மக்கள் வாழ்வோடு விளையாட்டு என்றும் இணைந்தே வந்துள்ளது. உழைத்துக் களைத்த உடலுக்கும் உள்ளத்துக்கும் அது புத்துணர்ச்சி ஊட்டுகின்றது. பிறரோடு கூடி வாழும் பண்பையும் வளர்க்கின்றது. நல்ல விளையாட்டுக்கு வேண்டுவன இரண்டே. ஒன்று விளையாடுதற்கு உரிய கருவி. மற்றொன்று உடன் விளையாடும் தோழமை. இவ்விரண்டனுள் தோழமையே சிறந்தது. தோழமை வாய்த்துவிட்டால் கருவி எத்துணை எளியதாயினும் குறையில்லை. நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டி என்னும் ஊர் உள்ளது. அவ்வூரிலாயினும், தமிழகத்தின் வேறு எவ்வூரிலாயினும், ஆடுபுலி ஆட்டம் ஆடுதற்குக் கடையில் பொருள் வாங்க வேண்டுவதில்லை. ஒரு கரித்துண்டு இருந்தால் திண்ணையில் கோடு கிழித்துக்கொள்ளலாம். பதினைந்து கூழாங்கற்கள் ஆடுகளாகும்; மூன்று புளியங்கொட்டைகள் புலிகளாகும். தனித்து நிற்கும் ஆட்டைப் புலி தாவி வெட்டிவிடும். ஆடுகள் ஒன்றையொன்று அடுத்து நிற்குமாயின் புலி அசைய இயலாது அடைபட்டுப்போகும். காசு செலவில்லாத அவ்வாட்டத்தினுள் ஒற்றுமையின் வலிமை அடங்கியிருக்கின்றது.

திண்ணையில் ஆடப்பட்ட விளையாட்டுகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மின்னொளித் திரையிலும் இடம்பெற்றன. வீடியோ விளையாட்டு எனப்படும் அப்புதிய விளையாட்டுக்கு விலையுயர்ந்த பொறிகள் தேவை எனவும், அது தனியே அமர்ந்து ஆடத்தக்கது எனவும் பலர் எண்ணினர். ஆயின், அதனைக் குறைந்த விலையில் இல்லந்தோறும் கொண்டு சேர்க்க இயலும் என்றும், நண்பர் இருவர் கூடி மகிழ்தற்கு உரியதாக அமைக்க இயலும் என்றும் தம் செயலால் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர்தாம் ஜப்பான் நாட்டினராகிய குன்பெய் யோக்கோய்.

யோக்கோய் 1941-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் கியோட்டோ நகரில் பிறந்தார். கியோட்டோ, ஜப்பானின் பழைய தலைநகரம். பட்டு நெசவு, மட்பாண்டம், மரவேலை முதலிய கைத்தொழில்களுக்குப் பெயர்பெற்றது. நம் நாட்டுக்குக் காஞ்சியும் மதுரையும் எத்தகையனவோ, அந்நாட்டுக்குக் கியோட்டோவும் அத்தகையதே. அந்நகரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் யோக்கோய் மின்னியல் பயின்று பட்டம் பெற்றார். பின்னர், 1965-ஆம் ஆண்டில், அந்நகரிலேயே இயங்கிவந்த நிண்டெண்டோ என்னும் நிறுவனத்தில் பணியில் அமர்ந்தார்.

அந்நிறுவனம் அக்காலத்தில் உலகறிந்த ஒன்றன்று. அது 1889-ஆம் ஆண்டில் சீட்டுக்கட்டுச் செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. ஜப்பானியர் விரும்பி ஆடும் பூச்சீட்டு, நாற்பத்தெட்டுச் சீட்டுகளைக் கொண்டது. ஆண்டின் பன்னிரண்டு திங்களுக்கும் ஒவ்வொரு மலரோ மரமோ உரியதாக, திங்களுக்கு நான்கு சீட்டுகள் அமைந்திருக்கும். அச்சீட்டுகளைச் செய்யும் இயந்திரங்கள் பழுதுபடாமல் பார்த்துக்கொள்வதே இளைஞர் யோக்கோய்க்கு இடப்பட்ட பணி. பட்டம் பெற்ற பொறியாளர் ஒருவருக்கு அஃது ஒரு சிறிய பணியே. இயந்திரங்கள் நன்கு ஓடுங்கால் அவருக்கு வேலை இராது. அவ்வோய்வு நேரத்தை அவர் உறங்கிக் கழிக்கவில்லை. வீண் பேச்சிலும் போக்கவில்லை. அங்கிருந்த கருவிகளைக் கொண்டு தமக்கு விருப்பமான பொருள்களைச் செய்து பார்த்தார்.

அங்ஙனம் அவர் செய்த பொருள்களுள் ஒன்று நீளும் கை. குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்த சட்டங்களாலான அதன் பிடியை அழுத்தினால், கை முன்னே நீண்டு சென்று தொலைவிலுள்ள பொருளைப் பற்றும். பிடியைத் தளர்த்தினால் மீண்டும் சுருங்கும். யோக்கோய் அதனை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது, நிறுவனத்தின் தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் கண்ணில் பட்டுவிட்டார். தலைவர் தம்மை அழைத்தபோது, கடிந்துரைப்பாரோ என்று அவர் அஞ்சினார். ஆனால் நிகழ்ந்தது வேறு. அப்பொருளையே விற்பனைக்கு உரிய விளையாட்டுப் பொருளாகச் செய்து தருமாறு தலைவர் பணித்தார். 1966-ஆம் ஆண்டில் கடைக்கு வந்த அந்நீளும் கை, பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. இயந்திரங்களைப் பழுதுபார்த்துவந்த இளைஞர், விளையாட்டுப் பொருள்களை ஆக்கும் அறிஞராக உயர்ந்தார்.

அதன்பின் அவர் இயற்றிய பொருள்கள் பல. அவற்றுள் இரண்டு அவருடைய உள்ளப்பாங்கை நன்கு காட்டுவன. முதலாவது, 1969-ஆம் ஆண்டில் வந்த அன்பளக்கும் கருவி. இருவர் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு, மற்றக் கைகளால் அக்கருவியின் இரு உருண்டைகளையும் பிடிப்பர். அவர்தம் உடல் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். அதன் அளவுக்கு ஏற்ப முள் நகரும். அந்த முள்ளைக் கண்டு அனைவரும் நகைத்து மகிழ்வர். அன்பை முள்ளால் அளக்க இயலாது என்பது சிறுவர்க்கும் தெரியும். ஆயினும் அக்கருவியின் சிறப்பு அதன் முள்ளில் இல்லை. இருவர் கைகோத்தாலன்றி விளையாட முடியாது என்பதில் இருந்தது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் மின்னோட்டத்தை அளக்கும் சாதாரணக் கருவியே அவர் கையில் தோழமையை வளர்க்கும் விளையாட்டாக மாறிற்று.

இரண்டாவது, வானொலி அலையால் இயக்கப்படும் சிறு கார். அத்தகைய கார்கள் அந்நாளில் மிக்க விலையுடையனவாய் இருந்தன. இடப்பக்கம் திரும்பவும் வலப்பக்கம் திரும்பவும் தனித்தனி அலைவழிகள் வேண்டியிருந்தமையே விலையேற்றத்திற்கு ஒரு காரணம். யோக்கோய் சிந்தித்தார். நேரே செல்லும் கார், பொத்தானை அழுத்தும்போது இடப்பக்கம் மட்டும் திரும்பினால் போதாதா? வட்டமான பாதையில் பந்தயம் விடுவதற்கு அதுவே போதுமே! இவ்வாறு ஒரே அலைவழியைக் கொண்டு அவர் செய்த கார், விலை குறைந்து பலருக்கும் எட்டுவதாயிற்று. இல்லாததை எண்ணி ஏங்காமல், இருப்பதைக் கொண்டு இன்பம் காணும் வழி இதுவே அன்றோ?

வாழ்வில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருதல் இயல்பு. ஒளிக்கற்றையை எய்து குறிபார்த்துச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கியை நிண்டெண்டோ நிறுவனம் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒளிபட்டால் மின்சாரம் தரும் சிறு தகடுகளை மசாயுகி உவெமுரா என்னும் பொறியாளர் வாயிலாகப் பெற்று, யோக்கோய் அதனை உருவாக்கினார். அதன் வெற்றியைக் கண்ட நிறுவனம், 1973-ஆம் ஆண்டில் பெரிய கூடங்களில் அத்தகைய துப்பாக்கி விளையாட்டை அமைக்கத் தொடங்கிற்று. அவ்வாண்டின் இறுதியிலேயே உலகில் பெட்ரோலியத் தட்டுப்பாடு ஏற்பட்டது. விலைவாசி ஏறிற்று, மக்கள் களியாட்டங்களுக்குச் செலவிடுவதைக் குறைத்தனர். கூடம் அமைக்கப் பணித்திருந்தவர்கள் பின்வாங்கினர். நிறுவனம் பெருங்கடனில் ஆழ்ந்தது. பெரும்பொருள் செலவிட்டுச் செய்யும் ஆடம்பர விளையாட்டு, காற்று மாறி அடித்தால் நிலைகுலைந்துவிடும் என்பதை யோக்கோய் கண்ணாரக் கண்டார்.

அக்கடனிலிருந்து நிறுவனத்தை மீட்ட எண்ணம் ஒரு புகைவண்டிப் பயணத்தில் பிறந்தது. ஜப்பானின் விரைவு வண்டி ஒன்றில் யோக்கோய் சென்றுகொண்டிருந்தார். அங்கே ஒருவர், பொழுது போகாமையால், தம் கையிலிருந்த சிறு கணக்கிடும் பொறியின் பொத்தான்களை அழுத்தி அழுத்தி விளையாடிக்கொண்டிருந்தார். மற்றவர் அதனைக் கண்டும் காணாமல் இருந்திருப்பர். யோக்கோயோ, பொழுதுபோக்குதற்கு ஏற்ற ஒரு சிறு கருவியை ஏன் செய்யக்கூடாது என்று எண்ணினார். அக்காலத்தில் கணக்கிடும் பொறிகளைச் செய்யும் நிறுவனங்கள் ஒன்றோடொன்று கடும் போட்டியிட்டு விலையைக் குறைத்து வந்தன. ஆதலால் அவற்றின் திரைகளும் நுண்ணுறுப்புகளும் மலிந்து கிடந்தன.

தலைவர் யமவுச்சியின் கார் ஓட்டுநர் ஒருநாள் பணிக்கு வரவில்லை. காரை ஓட்டும் பொறுப்பு யோக்கோயிடம் வந்தது. வழியில் வாளா இருத்தல் நன்றன்று எனக் கருதித் தம் எண்ணத்தை அவர் தலைவரிடம் கூறினார். தலைவர் பெரிதும் கருத்துச் செலுத்தியதாகத் தோன்றவில்லை. ஆயின், அன்று அவர் சென்ற கூட்டத்தில் ஷார்ப் நிறுவனத்தின் தலைவர் பக்கத்து இருக்கையில் அமர நேர்ந்தது. கணக்கிடும் பொறிகளைச் செய்வதில் அந்நிறுவனம் முன்னணியில் நின்றது. சில நாட்களில் அந்நிறுவனத்தினர் யோக்கோயைத் தேடி வந்தனர். காரோட்டும்போது கூறிய சொல் வீண்போகவில்லை.

இதன் பயனாக 1980-ஆம் ஆண்டில் கேம் அண்ட் வாட்ச் என்னும் சிறு கருவி பிறந்தது. அது சட்டைப்பையில் அடங்கும். மடியில் வைத்து இரு பெருவிரல்களால் இயக்கத்தக்கது. விளையாடாத நேரத்தில் கடிகாரமாகவும் பயன்படும். அத்தொகுதியில் பல விளையாட்டுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. உலகெங்கும் 4 கோடிக்கு மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின. நிறுவனத்தின் கடன் தீர்ந்தது. 1984-ஆம் ஆண்டில் வந்த சில கருவிகளில், கம்பியால் இணைத்த இரு சிறு பிடிகள் இருந்தன. ஒரே கருவியை நடுவில் வைத்து நண்பர் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடுதற்கு அவை உதவின.

இத்தொகுதியைச் செய்யும்போதுதான் யோக்கோய் மற்றோர் அரிய பொருளைக் கண்டார். திரையில் தோன்றும் உருவத்தை மேலும் கீழும் இடமும் வலமும் நகர்த்துதற்கு அந்நாளில் நீண்ட பிடிகோலைப் பயன்படுத்தினர். சட்டைப்பையில் வைக்கும் கருவிக்கு அது பொருந்தாது. எனவே, கூட்டற்குறி வடிவில் அமைந்த தட்டையான பொத்தான் ஒன்றை அவர் அமைத்தார். பெருவிரலைத் தூக்காமலே, கண்ணால் நோக்காமலே, வேண்டிய திசையை அதனால் அழுத்தலாம். 1982-ஆம் ஆண்டில் முதன்முதலாக வந்த அப்பொத்தான், அடுத்த ஆண்டில் உவெமுரா உருவாக்கிய இல்லப் பொறியிலும் இடம்பெற்றது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் அப்பொறிக்கு இரு கைப்பிடிகள் இருந்தன. ஒன்று வீட்டிலுள்ளவர்க்கு, மற்றொன்று நாடி வரும் நண்பர்க்கு. பின்னாளில் உலகின் பல நிறுவனங்கள் செய்த கைப்பிடிகளிலும் அப்பொத்தானோ அதனை ஒத்த அமைப்போ காணப்பட்டது. எளிய ஒன்றே எங்கும் பரவும் என்பதற்கு இது நல்ல சான்று.

தாம் கற்றதை இளையவர்க்குக் கற்பித்தலிலும் யோக்கோய் பின்னிடவில்லை. ஷிகெரு மியமோட்டோ என்னும் இளம் ஓவியர் 1981-ஆம் ஆண்டில் தம் முதற்பெரும் விளையாட்டை அமைத்தபோது, அவருக்கு மேற்பார்வையாளராக இருந்து வழிகாட்டியவர் யோக்கோயே. ஈராண்டுகளுக்குப் பின்னர் இருவரும் சேர்ந்து மாரியோ உடன்பிறந்தார் விளையாட்டை உருவாக்கினர். அவ்விளையாட்டின் நாயகன் எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் ஊறுபடாமல் இருக்கலாம் என்று யோக்கோய் கருத்துரைத்தார். மியமோட்டோ முதலில் தயங்கினார், பின்னர் ஏற்றுக்கொண்டார். அதனால் விளையாட்டு விரைவும் கிளர்ச்சியும் பெற்றது.

இருவர் கூடி ஆடும் விளையாட்டின் இயல்பை இங்கே சிறிது விரித்து உரைத்தல் வேண்டும். மாரியோ, லுயிஜி என்னும் உடன்பிறந்தார் இருவர் நிலத்தடிக் குழாய்களைத் துப்புரவு செய்கின்றனர். அக்குழாய்களிலிருந்து ஆமை, நண்டு முதலியன ஊர்ந்து வருகின்றன. ஒருவர் கீழ்த்தளத்தில் நின்று, மேல்தளத்தைத் தலையால் முட்ட வேண்டும். அங்கே ஊரும் ஆமை மல்லாந்து விழும். உடனே மேலே சென்று அதனை உதைத்துத் தள்ள வேண்டும். காலம் தாழ்த்தினால் ஆமை நிமிர்ந்து முன்னினும் விரைந்து ஓடும். தனியே ஆடுபவர் முட்டவும் வேண்டும். ஏறி ஓடி உதைக்கவும் வேண்டும். இருவராயின் ஒருவர் கீழே முட்ட, மற்றவர் மேலே காத்திருந்து உதைக்கலாம். வேலை எளிதாகும். ஆனால், நண்பன் நிற்கும் இடத்தை நோக்காமல் முட்டினால் நண்பனே நிலைதடுமாறுவான். வேண்டுமென்றே இடையூறு செய்தலும் அவ்விளையாட்டில் இயலும். உதவுவதா, இடர் செய்வதா என்பது ஆடுவோர் உள்ளத்தைப் பொறுத்தது. திண்ணை ஆட்டமாயினும் திரை ஆட்டமாயினும், நண்பரின் பண்பு விளையாடும்போது வெளிப்பட்டுவிடுகின்றது.

நண்பர் இல்லாதவர் என் செய்வது? இதனையும் யோக்கோய் எண்ணினார் போலும். 1985-ஆம் ஆண்டில், தொலைக்காட்சித் திரையின் ஒளிக்குறிப்பை உணர்ந்து கையை அசைக்கும் சிறு இயந்திர மனிதன் ஒன்றை அவர் வடிவமைத்தார். அதற்கெனச் செய்த ஒரு விளையாட்டில், சிறுவன் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, இரண்டாவது கைப்பிடியின் பொத்தான்களை அவ்வியந்திர மனிதன் அழுத்தும். திரையில் உள்ள வாயில்கள் திறக்கும். ஆயினும் அதற்கென இரண்டே விளையாட்டுகள் வந்தன. இயந்திரத் தோழனின் கை மெல்ல மெல்ல அசைந்தது. அதனினும் விரைவாக, அருகிலுள்ள மனிதத் தோழன் அதே பொத்தானை அழுத்திவிடுவான். பொறி எவ்வளவு வியப்புடையதாயினும் தோழனுக்கு ஈடாகாது என்பதையே அம்முயற்சி மெய்ப்பித்தது.

யோக்கோயின் பெயரை நிலைநிறுத்திய பெரும்படைப்பு 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வெளிவந்த கேம் பாய் என்னும் கையடக்கப் பொறியாகும். அவருடைய குழுவினர், சிறப்பாகச் சதோரு ஒக்காடா என்னும் பொறியாளர், அதனை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்டனர். அதன் விலை 12,500 யென். அதன் திரையில் வண்ணங்கள் இல்லை. பசுமை கலந்த மங்கிய பரப்பில் கருநிற உருவங்களே தோன்றும். இது விலைபோகுமா என்று நிறுவனத்துக்குள்ளேயே சிலர் ஐயுற்றனர். பிற நிறுவனங்கள் ஒளிமிக்க வண்ணத் திரையுடைய கையடக்கப் பொறிகளைக் கொண்டுவந்தன. ஆனால் அவை விலையில் உயர்ந்தவை, எடையில் மிக்கவை. ஆறு மின்கலங்களை இட்டாலும் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கேம் பாயோ நான்கு சிறு மின்கலங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் இயங்கிற்று. சிறுவர் கையிலிருந்து கீழே விழுந்தாலும் எளிதில் உடையாத உறுதியும் அதற்கு இருந்தது. நெடும்பயணத்தில் ஒளிரும் வண்ணத்தினும் ஓயாத மின்கலமே மேலானது என்பதை வாங்கியோர் விரைவில் உணர்ந்தனர்.

அப்பொறியின் பக்கத்தில் ஒரு சிறு துளை இருந்தது. அதில் ஒரு கம்பியைச் செருகி, மறுமுனையை நண்பரின் பொறியில் செருகினால், இரு பொறிகளும் ஒன்றாகும். ரஷ்ய அறிஞர் அலெக்சி பாஜித்னோவ் 1984-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் அமைத்த டெட்ரிஸ் என்னும் கட்டடுக்கு விளையாட்டை அவ்வாறு இணைத்து இருவர் ஆடினர். 1993-ஆம் ஆண்டில் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாந்தர் செரெப்ரோவ் அப்பொறியை விண்வெளிக்கே எடுத்துச் சென்றார். வண்ணத் திரையோடு பின்னர் வந்த அதன் மறுவடிவத்தையும் சேர்த்து, 11 கோடிக்கு மேற்பட்ட பொறிகள் விற்பனையாயின. அவ்விணைப்புக் கம்பியைக் கண்ட சதோஷி தஜிரி என்னும் இளைஞர், தம் இளமையில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்த்து மகிழ்ந்ததை நினைந்து, ஓர் உயிரினத்தைக் கம்பி வழியே நண்பரோடு மாற்றிக்கொள்ளும் விளையாட்டை அமைத்தார். 1996-ஆம் ஆண்டில் வெளிவந்த போக்கெமான் விளையாட்டு அதுவே. எல்லா உயிரினங்களையும் ஒருவர் தனியே சேர்த்துவிட முடியாது. நண்பரிடம் பெற்றே ஆக வேண்டும். யோக்கோயின் பொறியில் இருந்த சிறு துளை, உலகச் சிறுவர் பலரை நண்பராக்கிற்று எனலாம்.

இத்துணை வெற்றிக்கும் அடிப்படையாய் இருந்த அவருடைய கொள்கை யாது? நெடுநாள் பழகி, விலை மலிந்து, புதுமை குன்றிய தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனைப் பிறர் எண்ணாத புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பதே அது. புதிய கருவியில் என்ன பிழை உண்டென்று எவருக்கும் தெரியாது, விலையும் மிகுதி. பழகிய கருவியின் குணமும் குற்றமும் தெளிவாகத் தெரியும், விலையும் குறைவு. எஞ்சிய உழைப்பை, விளையாட்டு எவ்வாறு இன்பம் தரும் என்று சிந்திப்பதில் செலவிடலாம். பழையதைப் பழையபடியே போற்றுவது அவர் கருத்தன்று. பழையதனுள் ஒளிந்திருக்கும் புதுமையைத் தேடிக் காண்பதே அவர் நோக்கம்.

இக்கொள்கையினின்றும் விலகியபோது அவரும் தவறினார். முப்பரிமாணக் காட்சியைக் காட்டும் விர்ச்சுவல் பாய் என்னும் பொறியை 1995-ஆம் ஆண்டில் நிறுவனம் வெளியிட்டது. அதனை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் யோக்கோய். மேசைமீது நிறுத்திய அப்பொறியினுள் கண்களைப் பொருத்திப் பார்க்க வேண்டும். கருமையான வெளியில் செந்நிறக் கோடுகளே தெரியும். நெடுநேரம் பார்த்தோர் கண் சோர்ந்தனர், சிலர் தலைவலியுற்றனர். எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்று. ஆடுபவர் காணும் காட்சியை அருகில் இருப்பவர் காண இயலாது. நண்பர் பக்கத்தில் இருந்தும் இல்லாதவராயினார். இரு பொறிகளை இணைப்பதற்கு இடம் விட்டிருந்தும், அதற்கு உரிய கம்பி விற்பனைக்கு வரவேயில்லை. 8 இலட்சம் பொறிகள்கூட விற்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே விற்பனை நிறுத்தப்பட்டது.

அத்தோல்வியால் யோக்கோய் மனமுடைந்து போகவில்லை. கேம் பாயை முன்னினும் சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் ஆக்கும் பணியை முடித்துக் கொடுத்தார். அதன் பின்னரே, 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், முப்பத்தோராண்டுகள் உழைத்த நிறுவனத்தை விட்டு விலகினார். தோல்வியே விலகலுக்குக் காரணம் என்று பலர் கருதினர். ஆயின், ஐம்பது வயதை அடைந்தபின் தனித்தொழில் தொடங்குதல் வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு முன்னரே இருந்தது. கியோட்டோ நகரிலேயே ஒரு சிறு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். விலை குறைந்த புதியதொரு கையடக்கப் பொறியை உருவாக்குவதற்குத் துணைநின்றார்.

அந்தோ! அப்பொறியை முழுமையாகக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1997-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4-ஆம் நாள், இஷிகாவா மாநிலத்து நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் முன்சென்ற வண்டியோடு மோதிற்று. ஏற்பட்ட சேதத்தைக் காண்பதற்காக அவர் கீழே இறங்கினார். அப்பொழுது அவ்வழியே வந்த மற்றொரு கார் மோதி உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. அவர் துணைநின்ற வொண்டர்ஸ்வான் என்னும் பொறி 1999-ஆம் ஆண்டில் 4,800 யென் விலைக்கு வெளிவந்தது. அஃது இயங்குதற்கு ஒரே ஒரு சிறு மின்கலம் போதும். அப்பொறிக்கென அமைந்த ஒரு புதிர் விளையாட்டுக்கு, அவர் நினைவாகக் குன்பெய் என்றே பெயரிட்டனர். 2003-ஆம் ஆண்டில், உலக விளையாட்டு உருவாக்குநர் சங்கம் அவருடைய வாழ்நாள் தொண்டைப் பாராட்டி விருதளித்துச் சிறப்பித்தது.

யோக்கோய் நம் நாட்டினர் அல்லர். அவர் பேசிய மொழியும் நம் மொழியன்று. ஆயினும் அவர் உழைப்பின் பயன் நம் இல்லங்களையும் எட்டியது. 1990-களில், ஜப்பானிய இல்லப் பொறியைப் பார்த்துச் செய்த மலிவான பெட்டிகள் இந்தியக் கடைகளிலும் விற்பனைக்கு வந்தன. வீட்டிலுள்ள தொலைக்காட்சியோடு அவற்றை இணைத்து, கோடை விடுமுறையில் தமிழகச் சிறுவர் பலர் விளையாடினர். ஒரு பெட்டி வாங்கிய வீட்டில் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் கூடினர். இரு கைப்பிடிகளே இருந்தமையால், முறை வைத்து மாற்றிக்கொண்டனர். தேர்ந்தவர் தேராதவர்க்கு வழி காட்டினர். நண்பன் விழுந்தபோது மற்றவன் காத்து நின்றான். அவர்கள் பெருவிரலால் அழுத்திய கூட்டற்குறி வடிவப் பொத்தான் யாருடையது என்பதை அவர்களுள் பெரும்பாலோர் அறிந்திலர். அறியாமலே ஒரு பெரியவரின் கொடையை அவர்கள் துய்த்தனர்.

விளையாட்டு அளவோடு இருத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. கல்வியையும் உறக்கத்தையும் கெடுக்கும் விளையாட்டு நன்மை பயவாது. ஆயின், பிறர் மகிழ்வதற்கு உரியதைத் தம் அறிவால் ஆக்கித் தருதல் சிறந்த தொண்டே. கிடைத்த சிறுபணியை இகழாமை, ஓய்வுப் பொழுதை வீணாக்காமை, மலிந்து கிடக்கும் பொருளில் மறைந்திருக்கும் பயனைக் காணுதல், தோல்வியிலும் கடமையை முடித்தல் ஆகிய பண்புகள் குன்பெய் யோக்கோயின் வாழ்வில் விளங்கின. பொருளின் விலையில் இன்பம் இல்லை. அதனைப் பகிர்ந்துகொள்ளும் உள்ளத்தில்தான் இன்பம் உள்ளது. இவ்வுண்மையை நூல் எழுதி விளக்காமல், சிறுவர் கையில் விளையாட்டுப் பொருளாகத் தந்து விளக்கிய அவருடைய பெயர் என்றும் நினைக்கத்தக்கது.